ஏழடி அகல வீடும் உறைந்த கால்வாயும்

1962 டிசம்பர் 26 அன்று இங்கிலாந்தில் கொட்டத் தொடங்கிய பனி, 1963 மார்ச் முதல் வாரம் வரை பல ஊர்களில் முழுதாகக் கரையவில்லை. மத்திய இங்கிலாந்தின் நீண்டகால வெப்பப் பதிவுகளைப் பார்த்தால், 1740-க்குப் பிறகு அத்தனை கடுமையான குளிர்காலத்தை அந்நாடு கண்டதில்லை. மிட்லண்ட்ஸ் கால்வாய்களில் சரக்கேற்றிய படகுகள் வாரக்கணக்கில் நின்ற இடத்திலேயே உறைந்து கிடந்தன. அவற்றுக்குள் குடும்பங்கள் வாழ்ந்துகொண்டிருந்தன. 1963-இன் முதல் நாளில்தான் பிரிட்டிஷ் வாட்டர்வேஸ் வாரியம் கால்வாய்களின் பொறுப்பை ஏற்றிருந்தது. ஆண்டு முடிவதற்குள் அது, நேரோபோட் எனப்படும் ஒடுங்கிய படகுகளில் நடத்திய தன் சரக்குப் போக்குவரத்தில் பெரும்பகுதியைக் கைவிட்டது. பனிதான் படகுத் தொழிலைக் கொன்றது என்ற விளக்கம் இங்கிருந்து பிறந்தது. இன்றும் பலர் அதையே சொல்கிறார்கள். குளிர்காலத்தில் கால்வாய்ப் படகில் வாழ்வோரைப் பற்றி இன்று எழுதப்படுவனவற்றின் அடியிலும் அதே எண்ணம் ஓடுகிறது. எஃகுப் பெட்டிக்குள், உறையும் நீரின் மேல், ஒற்றை அடுப்பை நம்பி வாழ்பவருக்குக் குளிர்தானே எதிரியாக இருக்க முடியும் என்று நினைக்கத் தோன்றுகிறது. அந்த எண்ணம் தவறு என்பதே என் வாதம். நேரோபோட் குளிரைத் தாங்கக்கூடிய வீடு. கரையோடும் அடுத்த ஊரோடும் உள்ள தொடர்பு அறுந்துபோவதைத்தான் அதனால் தாங்க முடியாது. அந்தத் தொடர்பைச் சில சமயம் பனி அறுக்கிறது; அதைவிடப் பல சமயம், கால்வாய் யாருக்காக இருக்கிறது என்று மனிதர்கள் எடுத்த முடிவுகள் அறுக்கின்றன.

இந்தப் படகின் உருவமே ஒரு பொறியாளர் எடுத்த முடிவிலிருந்து வந்தது. மேடுபள்ளமான நிலத்தில் படகைப் படிப்படியாக ஏற்றி இறக்க, இரு முனையிலும் கதவு வைத்து நீரை அடைக்கும் தொட்டிக்கு லாக் என்று பெயர். 1766-இல் தொடங்கிய டிரென்ட்-மெர்சி கால்வாய்க்கு ஜேம்ஸ் பிரிண்ட்லி தீர்மானித்த லாக்குகள் ஏறத்தாழ 72 அடி நீளமும் 7 அடி அகலமும் கொண்டவை. அகலம் குறைந்தால் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் செலவாகும் நீர் குறையும். ஹேர்காஸில் குன்றைக் குடைந்து சுரங்கம் அமைக்கும் செலவும் குறையும். மிட்லண்ட்ஸ் கால்வாய்கள் பலவும் அதே அளவைப் பின்பற்றின. எனவே அவற்றில் செல்லும் எந்தப் படகும் 7 அடிக்குச் சற்றுக் குறைவான அகலத்தைத் தாண்ட முடியாது. சரக்குக்காக வகுக்கப்பட்ட அந்த அகலத்துக்குள்தான் இன்று படுக்கையும் சமையலறையும் குளியலறையும் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கின்றன. இங்கிலாந்திலும் வேல்சிலும் சுமார் 2,000 மைல் நீர்வழிகளை 2012 முதல் கால்வாய்-ஆறு அறக்கட்டளை நிர்வகிக்கிறது. அதன் நீர்வழிகளில் ஏறத்தாழ 35,000 படகுகள் உள்ளன. அவற்றில் ஐந்தில் ஒரு பங்குக்கு நிலையான கட்டுத்துறை கிடையாது. குளிர்காலம் முழுவதும் நகர்ந்துகொண்டே இருக்கவேண்டிய கட்டாயம் இந்தப் படகுகளுக்குத்தான். இக்கட்டுரையின் கவலையும் பெரும்பாலும் அவற்றைப் பற்றியதே.

படகு வீடாக மாறியது விருப்பத்தால் நடந்த காரியமல்ல. ரயில் வந்து சரக்குக் கட்டணம் வீழ்ந்தபோது, கூலியாள் வைக்கவும் கரையில் வாடகை கொடுக்கவும் வழியில்லாத படகோட்டிகள் மனைவி மக்களைப் படகில் ஏற்றிக்கொண்டார்கள். படகின் பெரும்பகுதி சரக்குக்கு. பின்முனையில் ஏறத்தாழ 10 அடிக்கு 7 அடி அறை ஒன்று குடும்பத்துக்கு. பகலில் மடித்து அலமாரிக்குள் தள்ளும் குறுக்குக் கட்டில், கதவாகவும் மேசையாகவும் பயன்பட்ட ஒரு பலகை, வாசலருகே இரும்பு அடுப்பு, இவ்வளவுதான் அதில் இருந்தன. கோல்வில் ஊரைச் சேர்ந்த ஜார்ஜ் ஸ்மித் 1870-களில் இம்மக்களின் நிலையை நாடறியச் செய்தார். அவருடைய முயற்சியால் 1877-லும் 1884-லும் கால்வாய்ப் படகுச் சட்டங்கள் வந்தன. படகுகள் பதிவு செய்யப்பட்டன, ஓர் அறையில் எத்தனை பேர் வாழலாம் என்று வரம்பு வந்தது, ஆய்வாளர்கள் நியமிக்கப்பட்டார்கள். அந்தச் சீர்திருத்தத்தின் கவலைகளைக் கவனித்துப் பார்க்க வேண்டும். நெரிசல், காற்றோட்டம், நோய், பிள்ளைகளின் படிப்பு ஆகியவையே அதில் முன்னே நிற்கின்றன. அறை குளிர்கிறது என்பது பெரிய குற்றச்சாட்டாக எழவில்லை. நிலக்கரியே பெருஞ்சரக்காக இருந்த நீர்வழியில், அவ்வளவு சிறிய அறைக்குள் எரியும் இரும்பு அடுப்பு குளிரை விரட்டப் போதுமானதாக இருந்தது. குளிர்காலம் அந்தக் குடும்பங்களை வேறு வழியில் வதைத்தது. கூலி டன் கணக்கிலும் நடைக் கணக்கிலும் வந்தது. கால்வாய் உறைந்தால் நடை இல்லை, நடை இல்லையென்றால் கூலி இல்லை. சூடான அறைக்குள் அமர்ந்து பட்டினியை எதிர்பார்த்திருப்பதுதான் அவர்களுடைய குளிர்காலம்.

கால்வாயைத் திறந்து வைப்பதில் யாருக்கு லாபம் என்ற கேள்வி இங்கேதான் எழுகிறது. கால்வாய்க் கம்பெனிகளின் வருமானம் சுங்கக் கட்டணம். படகு நின்றால் கட்டணமும் நின்றது. ஆகவே பனிப் பாளத்தை உடைக்க அவை தனிப் படகுகள் வைத்திருந்தன. இரும்புத் தகடு போர்த்திய குட்டையான படகு. நடுவில் நீளவாக்கில் ஒரு கம்பி. அதைப் பிடித்து இருபுறமும் ஆட்கள் நின்று படகை இடவலமாக ஆட்டுவார்கள். கரையிலிருந்து வரிசையாகப் பூட்டிய குதிரைகள் இழுக்கும். கடுங்குளிரில் பத்துக்கும் மேற்பட்ட குதிரைகள் தேவைப்பட்டன. ஆபத்தும் செலவும் மிகுந்த அந்த வேலையைக் கம்பெனிகள் இரக்கத்தால் செய்யவில்லை. ஆனாலும் அதன் பயன் படகில் வாழ்ந்த குடும்பங்களுக்கும் கிடைத்தது. இதை வைத்து 1963-ஐ மறுபடி பார்த்தால் படம் மாறுகிறது. அதற்கு முன் 1895-லும் 1947-லும் கால்வாய்கள் நெடுநாள் உறைந்தன. தொழில் நலிந்தது, ஆனால் மீண்டு வந்தது. 1963-இல் உறைந்த வாரங்களில் வாடிக்கையாளர்கள் லாரிக்கு மாறினார்கள். பனி கரைந்தபின் அவர்களைத் திரும்ப அழைக்கும் அக்கறை புதிய வாரியத்துக்கு இல்லை. நீர்க்கரையிலேயே நின்ற வாடிக்கையாளர் இருந்த இடத்தில் தொழில் தொடர்ந்தது. அதர்ஸ்டோனிலிருந்து சவுத்தாலில் இருந்த ஜாம் தொழிற்சாலைக்கு நிலக்கரி கொண்டுசென்ற படகுகள் 1970 அக்டோபர் வரை ஓடின. அத்தனை குளிர்காலங்களையும் கடந்த அந்த நடை, தொழிற்சாலை நிலக்கரி வாங்குவதை நிறுத்தியபோதுதான் நின்றது. பனியே கொலையாளி என்றால் இந்த ஏழு ஆண்டுகளுக்கு விளக்கம் கிடையாது.

சரக்கு போனபின் கால்வாய்களைத் தூர்த்துவிடாமல் காத்தவர்கள் அவற்றை வேறொரு பெயரால் காத்தார்கள். எழுத்தாளர் எல். டி. சி. ரோல்ட் 1939-இல் பான்பரியிலிருந்து தன் கிரெஸ்ஸி படகில் புறப்பட்டார். போர்க்காலத்தின் பெரும்பகுதியை டார்டெபிக்கில் கட்டி நிறுத்திய அந்தப் படகிலேயே வாழ்ந்து கழித்தார். 1944-இல் வெளியான அவருடைய பயண நூல் ஒரு தலைமுறையைக் கால்வாய்ப் பக்கம் திருப்பியது. 1946-இல் அவரும் ராபர்ட் ஐக்மனும் சேர்ந்து உள்நாட்டு நீர்வழிச் சங்கத்தைத் தொடங்கினார்கள். அந்த இயக்கம் இல்லாவிட்டால் இன்று பேசுவதற்குக் கால்வாயே இருந்திருக்காது. ஆயினும் அது நாடாளுமன்றத்தில் பெற்ற வெற்றி எந்தச் சொற்களில் எழுதப்பட்டது என்பது முக்கியம். 1968-ஆம் ஆண்டுப் போக்குவரத்துச் சட்டம் நீர்வழிகளை மூன்றாகப் பிரித்தது. நேரோபோட்டுகள் செல்லும் கால்வாய்களில் பெரும்பாலானவை உலாவுக்குரிய நீர்வழிகள் என்று வகுக்கப்பட்டன. படகு உலா, மீன்பிடிப்பு, பிற பொழுதுபோக்குகள் ஆகியவற்றுக்காகப் பராமரிக்கப்பட வேண்டியவை என்று சட்டம் அவற்றை விவரித்தது. வசிப்பிடம் என்பது அந்தப் பட்டியலில் இல்லை. பொழுதுபோக்குக்குப் பருவம் உண்டு. அது ஈஸ்டரில் தொடங்கி இலையுதிர் காலத்தில் முடிகிறது. வசிப்பதற்குப் பருவம் கிடையாது. இன்றைய குளிர்காலப் படகு வாழ்வின் இன்னல்கள் பெரும்பாலும் இந்த இடைவெளியில் விளைபவை.

படகு குளிரைத் தாங்கும் என்று சொன்னதற்குக் கணக்குக் காட்டவேண்டும். 57 அடி நீளப் படகில் வசிக்கும் பகுதி சுமார் 12.5 மீட்டர் நீளம், 1.85 மீட்டர் அகலம், 1.95 மீட்டர் உயரம் என்று கொள்வோம். உள்ளே இருக்கும் காற்று 45 கனமீட்டர். ஒரு சிறிய வீட்டின் கால் பங்கு. நீண்டு ஒடுங்கிய உருவம் என்பதால் கொள்ளளவோடு ஒப்பிடும்போது புறப்பரப்பு அதிகம், கிட்டத்தட்ட 100 சதுர மீட்டர். வடிவத்தால் வரும் இந்தப் பாதகம் உண்மையானது. ஆனால் இன்றைய எஃகுப் படகுகளின் சுவர்களிலும் கூரையிலும் உட்புறமாகப் பாலியூரித்தேன் நுரை அடித்து அதன்மேல் பலகை போர்த்துகிறார்கள். சுவர், சன்னல், காற்றுத்துளை எல்லாவற்றையும் சேர்த்தால், வெளிக்கும் உள்ளுக்கும் ஒவ்வொரு டிகிரி வேறுபாட்டுக்கும் 120 வாட் அளவுக்கு வெப்பம் கசியும் என்பது நியாயமான மதிப்பீடு. வெளியே 0, உள்ளே 20 டிகிரி என்றால் 2.4 கிலோவாட். படகுகளில் அதிகம் காணப்படும் மோர்சோ ஸ்குவிரல் போன்ற வார்ப்பிரும்பு அடுப்பு இதைவிடக் கூடுதலாகவே தரும். புகையில்லா நிலக்கரியில் நாளொன்றுக்கு 10, 11 கிலோ ஆகும். ஒரு மூட்டை இரண்டு நாளுக்குக் கொஞ்சம் கூடுதலாக வரும். வெளியே உறைநிலைக்குக் கீழே பல டிகிரி இறங்கினாலும் படகின் அடிப்பகுதி நீருக்குள் இருக்கிறது, திரவமாக இருக்கும் நீர் 0 டிகிரிக்குக் கீழே போவதில்லை. நீர் 4 டிகிரியில்தான் மிகுந்த அடர்த்தி கொண்டது. ஆதலால் மேலே பாளம் படிந்தாலும் அடியில் ஓரளவு வெப்பம் தங்குகிறது. பாளத்தின் மேல் வீசும் வாடைக்காற்றைவிட அந்த நீர் படகுக்கு நல்ல அண்டைவீட்டார்.

ஈரத்தைப் பற்றிச் சொல்லப்படுவது இதைவிட வலுவான குற்றச்சாட்டு. 20 டிகிரியில் ஒரு கனமீட்டர் காற்று தாங்கக்கூடிய நீராவி 17 கிராம். படகின் 45 கனமீட்டர் காற்றும் சேர்ந்து முக்கால் லிட்டருக்குச் சற்று அதிகமான நீரைத்தான் தாங்கும். இரண்டு பேரின் மூச்சும் வியர்வையும் ஒரு நாளில் அதைத் தாண்டிவிடும். சமையலுக்கு ஒரு கிலோ புரொப்பேன் எரித்தால் அதிலிருந்து மட்டும் 1.6 கிலோ நீராவி பிறக்கிறது. அந்த ஈரம் முழுவதும் சன்னலின் அலுமினியச் சட்டத்திலும், மெத்தைக்கு அடியிலும், அலமாரியின் பின்புறத்திலும் நீராகப் படிந்து பூஞ்சைக்கு இடம் கொடுக்கும். தீர்வு காற்றோட்டம்; ஆனால் குளிருக்குப் பயந்து கூரையிலுள்ள காற்றுத்துளைகளை அடைப்பவர்கள் உண்டு. ஈரத்தைவிடக் கொடிய கார்பன் மோனாக்சைடுக்கு அவர்கள் கதவு திறக்கிறார்கள். நிறமோ மணமோ இல்லாத அந்த வாயு படகுகளில் உயிர்களைப் பறித்திருக்கிறது. 2019 ஏப்ரல் முதல் வசிப்பறை உள்ள படகுகளில் அதற்கான எச்சரிக்கைக் கருவி கட்டாயமாக்கப்பட்டது. இந்த ஆபத்துகளைக் குறைத்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஆனால் இவை எவையும் படகுக்கு மட்டும் உரியவையல்ல. ஈரமும் பூஞ்சையும் இங்கிலாந்தின் பழைய வாடகை வீடுகளிலும் பெருந்தொல்லை. தாராளமாக எரித்தபடி துளைகளைத் திறந்து வைப்பவரின் படகு உலர்ந்திருக்கும். நிலக்கரியை மிச்சம் பிடிக்கவேண்டிய நிலையில் உள்ளவரின் படகுதான் ஈரமாகிறது. ஆக, கேள்வி மீண்டும் நிலக்கரி மூட்டை வந்து சேருமா என்பதிலேயே வந்து நிற்கிறது.

படகில் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கெடு உண்டு. கழிப்பறைப் பெட்டி இரண்டு பேருக்கு மூன்று, நான்கு நாளில் நிரம்பும். எல்சான் என்று அழைக்கப்படும் கழிவுக் கொட்டுமிடத்துக்குக் கொண்டுபோயாக வேண்டும். 500 லிட்டர் தண்ணீர்த் தொட்டி சிக்கனமாகப் புழங்கினால் ஒரு வாரம் வரும். எரிவாயு உருளை மாதக்கணக்கில் வரும். மின்சாரம் கோடையில் கூரைமேலுள்ள சூரியத் தகடுகளிலிருந்து தாராளமாகக் கிடைக்கிறது. டிசம்பரிலோ லண்டனில் பகல் 8 மணி நேரத்துக்கும் குறைவு, நண்பகலில்கூடச் சூரியன் அடிவானத்துக்கு மேல் 15 டிகிரிதான் எழுகிறது. அப்போது எஞ்சினை ஓட்டித்தான் பாட்டரியை நிரப்ப வேண்டும்; இரவு 8 முதல் காலை 8 வரை எஞ்சின் ஓடக்கூடாது என்ற விதியும் உண்டு. இந்தக் கெடுக்களுக்குள் குழாயடி, எல்சான், டீசல் விற்குமிடம் ஆகியவற்றை மாறிமாறி அடைந்துகொண்டிருப்பதே குளிர்காலப் படகு வாழ்வின் உண்மையான உழைப்பு. கால்வாய் ஆழம் குறைந்த, ஓடாத நீர். எனவே ஆற்றுக்கு முன்பே உறைந்துவிடும். உறைந்தபின் எஃகுப் படகால் பாளத்தை உடைத்துச் செல்ல முடிந்தாலும் செல்லக்கூடாது என்பது படகுக்காரர்களிடையே உறுதியான வழக்கம். உடைந்த பாளம் பக்கவாட்டில் தள்ளப்பட்டு, கரையோரப் படகுகளின் தார்ப்பூச்சைச் சுரண்டும். மரப் படகையும் இழைக்கண்ணாடிப் படகையும் கிழித்தே விடும். கரையிலுள்ள குழாய்கள் உறையும்போது நகர்ந்து போனவருக்கும் பயனில்லை.

இந்த இடத்தில் எரிபொருள் படகுகளின் பங்கை நினைத்துப் பார்க்காமல் இருக்க முடியாது. நிலக்கரி மூட்டை, டீசல், எரிவாயு உருளை ஆகியவற்றைச் சுமந்து படகு படகாக விற்றுச் செல்லும் வியாபாரிகள் இன்றும் பல கால்வாய்களில் இருக்கிறார்கள். அவர்களில் சிலர் ஓட்டுவது அந்தக்காலச் சரக்குப் படகுகளையேதான். அந்நாட்டுக் குறுகிய கால்வாய்களில் மிஞ்சியிருக்கும் சரக்குப் போக்குவரத்தில் பெரும்பகுதி இவர்களுடையது என்றால், அதன் வாடிக்கையாளர்கள் படகில் வாழ்பவர்கள்தாம். முதுமையாலோ நோயாலோ மூட்டை தூக்க முடியாதவர்களுக்கு இந்தப் படகு வருவதும் வராததும் வாழ்க்கைப் பிரச்சினை. 1962 வரை ஸ்டோக் புரூயர்னில் படகு மக்களுக்கு மருத்துவம் பார்த்த சிஸ்டர் மேரி வார்டின் வீடு கால்வாய்க் கரையிலேயே இருந்தது என்பதும் இதோடு சேர்த்து எண்ணத் தக்கது. நகரும் மக்களுக்கு நிலையான ஓர் உதவி எங்கே இருக்கவேண்டும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

குளிர்காலத்தில் கால்வாயை மூடுவது பனி மட்டுமல்ல. நவம்பர் முதல் மார்ச் வரை அறக்கட்டளை பெரும் பழுதுபார்ப்புகளைச் செய்கிறது. ஓக் மரத்தாலான லாக் கதவுகளின் ஆயுள் 20, 25 ஆண்டுகள். ஸ்டான்லி ஃபெர்ரி பட்டறை போன்ற இடங்களில் புதிதாகச் செய்து கொண்டுவந்து, லாக்கை வற்றவைத்துப் பொருத்துகிறார்கள். அத்தனை நாளும் அந்த வழி அடைபடும். ஸ்டாப்பேஜ் எனப்படும் இந்த அடைப்புகளைக் குளிர்காலத்தில் வைப்பதற்குக் காரணம், கோடை உலாவுக்கு இடைஞ்சல் வரக்கூடாது என்பதே. கால்வாய்கள் பலவும் இடையிடையே ஆறுகளோடு கலந்து ஓடுகின்றன. மழைக்காலத்தில் அந்தப் பகுதிகளில் சிவப்பு எச்சரிக்கை விழுந்தால் அங்கும் நகர முடியாது. அதே சமயம், நிலையான கட்டுத்துறை இல்லாத படகு நகர்ந்தே ஆகவேண்டும் என்கிறது 1995-ஆம் ஆண்டு பிரிட்டிஷ் வாட்டர்வேஸ் சட்டத்தின் 17-ஆம் பிரிவு. படகு உண்மையான பயணத்துக்கே பயன்படவேண்டும். ஓரிடத்தில் தொடர்ந்து 14 நாளுக்கு மேல் நிற்கக்கூடாது, அல்லது சூழ்நிலைக்கு நியாயமான அளவுக்குத்தான் அதைத் தாண்டி நிற்கலாம். கோடையில் எளிதாகக் கடைப்பிடிக்கக்கூடிய இந்த விதி, இரண்டு அடைப்புகளுக்கு நடுவே சிக்கியவருக்கு வேறு முகம் காட்டுகிறது. அவர் ஒரு சில மைல் தூரத்துக்குள் முன்னும் பின்னும் போய்வர வேண்டியிருக்கும். பாத்துக்கும் பிராட்ஃபர்ட்-ஆன்-ஏவனுக்கும் இடைப்பட்ட சுமார் 10 மைலுக்குள் படகை நகர்த்திக்கொண்டே வாழ்வது சட்டம் கேட்கும் பயணமாகாது என்று பிரிஸ்டல் நீதிமன்றம் 2011-இல் தீர்ப்பளித்தது. அந்த வழக்கு குளிர்காலத்தைப் பற்றியதல்ல. ஆனால் குறுகிய தூரம் ஐயத்துக்கு உரியது என்ற மனப்பாங்கு நிலைத்துவிட்டால், குளிர்காலத்தில் குறுகிய தூரமே சாத்தியமானவர் ஒவ்வொரு முறையும் தன் நேர்மையை மெய்ப்பிக்க வேண்டியவராகிறார்.

சட்டத்திலேயே நியாயமான சூழ்நிலை என்ற சலுகை இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது. உறைவும் வெள்ளமும் நோயும் அதில் அடங்கும் என்று அறக்கட்டளை ஏற்றுக்கொள்கிறது. நவம்பர் முதல் பிப்ரவரி இறுதி வரை ஓரிடத்தில் நிற்கக் குளிர்காலக் கட்டுத்துறைகளையும் தனிக் கட்டணத்துக்கு விற்கிறது. ஆனால் உரிமைக்கும் விலைக்கு வாங்கும் சலுகைக்கும் வேறுபாடு உண்டு. கட்டணம் கட்ட முடியாதவரே பெரும்பாலும் நிலக்கரியை மிச்சம் பிடிப்பவர். 2024 ஏப்ரல் முதல் நிலையான கட்டுத்துறை இல்லாத படகுகளுக்கு உரிமக் கட்டணத்தில் கூடுதல் தொகை விதிக்கப்படுகிறது. 2028-இல் அது 25 சதவீதத்தை எட்டும். 2022-23 குளிர்காலத்தில் எரிசக்தி விலை உயர்ந்தபோது அரசு வீட்டுக்கு 400 பவுண்டு கொடுத்ததும் நினைவுகொள்ளத் தக்கது. அந்த உதவி மின்மானியின் வழியே வீடுகளை அடைந்தது. மின்மானி இல்லாதவர்களுக்குப் பிறகு வந்த மாற்றுத் திட்டம் முகவரியின் வழியே அடைந்தது. மின்மானியும் முகவரியும் இல்லாமல் நகர்ந்து வாழ்ந்தவர்கள் இரண்டுக்கும் வெளியே நின்றார்கள். அவர்களுக்கும் நிலக்கரி விலையும் டீசல் விலையும் ஏறியே இருந்தன.

என் வாதத்துக்கு எதிராகச் சொல்லக்கூடியவற்றில் கனமானது பணத்தைப் பற்றியது. அறக்கட்டளை வீட்டுவசதி அமைப்பு அல்ல. 200 ஆண்டுக்கு மேற்பட்ட கரைகளையும் லாக்குகளையும் நீர்த்தேக்கங்களையும் காப்பதே அதற்குப் பெரும்பாடு. அரசு தரும் மானியம் 2027 முதல் ஆண்டுதோறும் குறையப்போகிறது. 1761-இல் திறக்கப்பட்ட பிரிட்ஜ்வாட்டர் கால்வாய் வேறொரு நிறுவனத்தின் கையில் உள்ளது. 2025 புத்தாண்டு நாளில் பெருமழையால் டன்ஹம் மாஸி அருகே அதன் கரை உடைந்து நீர் வெளியேறியது. இத்தகைய பழைய கரைகளைக் காப்பது எவ்வளவு பெரிய வேலை என்பதற்கு வேறு சான்று தேவையில்லை. பழுதுபார்ப்பைக் கோடைக்கு மாற்று என்று நான் கேட்கவில்லை. குளிர்காலத்தில் செய்வதற்கு நல்ல காரணங்கள் உண்டு. கேட்பது வேறு. எந்த லாக்கை எப்போது மூடுவது என்று வரிசைப்படுத்தும்போது, இரண்டு அடைப்புகளுக்கு இடைப்பட்ட நீளத்தில் ஒரு குழாயும் ஒரு எல்சானும் மிஞ்சுகிறதா, எரிபொருள் படகு உள்ளே வர வழி உண்டா என்பதும் கணக்கில் வரவேண்டும். கரையோரக் குழாய்களுக்கு உறைகாப்பு போடுவது புதிய கதவு செய்யும் செலவில் சிறு துளிதான். வறட்சியால் 2025 கோடையில் வடக்கு, மிட்லண்ட்ஸ் கால்வாய்கள் பல மூடப்பட்டதைக் கண்டபின், கோடை பயணத்துக்கு, குளிர்காலம் அடைப்புக்கு என்ற பழைய பாகுபாட்டை நம்புவதும் கடினமாகிவிட்டது.

அவர்களாகத் தேர்ந்தெடுத்த வாழ்வுதானே என்பது அடிக்கடி கேட்கும் சொல். படகைக் காதலித்து ஏறியவர்கள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் லண்டன் வாடகையைக் கொடுக்க முடியாமல் ஏறியவர்களும் ஏராளம். 1840-களில் படகோட்டிக் குடும்பங்களைக் கரையிலிருந்து படகில் ஏற்றிய காரணத்துக்கும் இதற்கும் அதிக தூரமில்லை. தேர்ந்தெடுத்தவராகவே இருக்கட்டும்; உரிமம் பெற்று, கட்டணம் செலுத்தி, நான்காண்டுக்கொரு முறை பாதுகாப்புச் சான்றிதழ் வாங்கி வாழ்பவருக்குக் குடிநீரும் கழிவகற்றமும் குளிர்காலத்திலும் கிடைக்கவேண்டும் என்பது தேர்வின் நியாயத்தைப் பொறுத்ததல்ல. கரைவாசிகள் சொல்லும் புகைத் தொல்லை இதைவிடக் கவனத்துக்கு உரியது. நகரக் கால்வாய் ஓரம் வரிசையாக நிற்கும் படகுகளின் புகைபோக்கிகள் எதிர் வீட்டுச் சன்னலின் உயரத்தில் இருக்கின்றன. மரப்புகை நுரையீரலுக்குத் தீங்கு. இங்கிலாந்தில் சாதாரண வீட்டு நிலக்கரி விற்பனை 2023-இல் முழுதாக நிறுத்தப்பட்டது. 2021-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் சட்டம், கட்டி நிற்கும் படகுகளையும் புகைக் கட்டுப்பாட்டுப் பகுதிக்குள் கொண்டுவர உள்ளாட்சிகளுக்கு அதிகாரம் தந்தது. ஆனால் தடை மட்டும் குளிரைப் போக்காது. லண்டன் இஸ்லிங்டனில் ரீஜன்ட்ஸ் கால்வாய் ஓரம் மின்இணைப்புடன் கட்டுத்துறைகள் அமைத்தபோது, எஞ்சினையும் அடுப்பையும் குறைவாக நம்பி நிற்க வழி பிறந்தது. படகைக் குறைசொல்லித் தொடங்கிய விவாதம், கரையில் ஒரு கம்பி இழுத்தவுடன் பாதி தீர்ந்தது. என் வாதத்துக்கு இதைவிடத் தெளிவான ஆதரவு எனக்குத் தெரியவில்லை.

குளிர்காலமே நேரடியாகக் கொண்டுவரும் ஓர் ஆபத்தை மட்டும் எந்த நிர்வாகத்தாலும் முழுதாக நீக்க முடியாது. பனி படிந்த படகு விளிம்பிலும் லாக் ஓரத்திலும் கால் வழுக்கினால், உறைநிலை நீர் முதல் சில நிமிடங்களிலேயே மூச்சைத் திணறடித்து ஆளை மூழ்கடிக்கும். நீச்சல் தெரிந்தவரையும் அது விடுவதில்லை. தனியே வாழ்பவருக்கு இது இரட்டிப்பு ஆபத்து. ஆனாலும் அவர் எத்தனை முறை இருட்டில், பனியில், கனத்த பெட்டியைச் சுமந்துகொண்டு அந்த விளிம்பில் நடக்கவேண்டியிருக்கிறது என்பது, எல்சான் எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பதையும் படகை எத்தனை நாளுக்கு ஒருமுறை நகர்த்தவேண்டும் என்பதையும் பொறுத்தது.

மாற்றத்துக்கு வேண்டிய பிடி சட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. 2016-ஆம் ஆண்டு வீட்டுவசதி-திட்டமிடல் சட்டத்தின் 124-ஆம் பிரிவு, தம் எல்லைக்குள் படகில் வாழ்வோருக்கான கட்டுத்துறைத் தேவையையும் இங்கிலாந்தின் உள்ளாட்சிகள் மதிப்பிடவேண்டும் என்கிறது. அந்த மதிப்பீட்டைக் கோடைக் கணக்கில் செய்யாமல் சனவரிக் கணக்கில் செய்தால், எத்தனை குழாய், எத்தனை குளிர்காலக் கட்டுத்துறை, எங்கெங்கே என்பது தெரியவரும். 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்தாமலேயே, அறிவிக்கப்பட்ட அடைப்புக்குள் சிக்கிய படகு அது நீங்கும்வரை நிற்பது நியாயமான சூழ்நிலையே என்று அறக்கட்டளை பொதுவிதியாக அறிவிக்கலாம். ஒவ்வொருவரும் தனித்தனியே எழுதிக் கேட்கும் நிலை அதனால் நீங்கும். குளிர்கால அடைப்புப் பட்டியலின் வரைவை அறக்கட்டளை ஒவ்வோர் ஆண்டும் முன்கூட்டியே வெளியிட்டுப் படகுக்காரர்களின் கருத்தைக் கேட்கிறது. அந்த வரைவில் ஒவ்வோர் அடைப்புக்கும் எதிரே, அதற்கு இருபுறமும் திறந்திருக்கும் குழாயையும் எல்சானையும் குறிப்பதற்கு ஒரு பத்தி சேர்ப்பதிலிருந்து வேலையைத் தொடங்கலாம்.